புள்ளி தொலையாத கோப்பு

தீபாவளிக்கு முந்திய வாரம் பினாங்கு லிட்டில் இந்தியாவில் நடக்க இடம் இருக்காது. மார்க்கெட் ஸ்திரீட்டில் துணிக்கடை ஒலிபெருக்கிகள் ஒன்றையொன்று முந்தப் பார்க்கும். முறுக்கு மணமும் மல்லிகை மணமும் சேர்ந்தடிக்கும். அப்படி ஒரு வாரத்தில், குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஓர் அச்சகத்தில் உட்கார்ந்து, ஒரு சங்கத்தின் ஆண்டு மலருக்கு மெய்ப்புப் பார்த்து முடித்திருந்தேன். 96 பக்க மலர். அச்சு வேலை முடிந்துவிட்டது. வெளியூரில் இருக்கும் உறுப்பினர்களுக்குக் கோப்பாக அனுப்புவது மட்டும்தான் பாக்கி.

செயலாளர் கைபேசியில் அழைத்தார். “தம்பி, ஃபைல் இன்னும் வரலையே. மெயில் திரும்பிப் போகுதாம்.”

திரும்பாமல் என்ன செய்யும்? கோப்பின் எடை 184 எம்பி. ஜிமெயிலில் ஓர் அஞ்சலோடு 25 எம்பிக்கு மேல் இணைக்க முடியாது. பக்க வடிவமைப்பாளர் யோசிக்கவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. இணையத்தில் ‘பிடிஎஃப் சுருக்கித் தருகிறோம்’ என்று இருந்த ஓர் இலவசத் தளத்தில் மலரை ஏற்றினார். 2 நிமிடத்தில் 4 எம்பியாக இறங்கி வந்தது. புலனத்தில் அனுப்பிவிட்டோம். எல்லோருக்கும் நிம்மதி.

மறுநாள் மாலை செயலாளர் நேரில் வந்தார். கோபமாக வரவில்லை, மனம் நொந்து வந்தார். கைபேசியை என் முன்னால் நீட்டி, நன்கொடையாளர் பட்டியலைப் பெரிதாக்கிக் காட்டினார். ‘முத்தம்மாள்’ என்ற பெயர் ‘முததமமாள’ என்று நின்றது. வரிக்கு வரி இதே கதை. புள்ளிகள் எல்லாம் கரைந்து போயிருந்தன. “பேரைப் பார்க்கணும்னுதானே தம்பி கொடுத்தாங்க” என்றார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மெய்ப்புப் பார்த்தவன் நான். அச்சில் ஒவ்வொரு புள்ளியையும் சரிபார்த்துவிட்டு, அனுப்பிய கோப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் விட்டது என் பிழை.

கோப்பைச் சுருக்கினால் தரம் போகத்தான் செய்யும் என்று நம்மில் பெரும்பாலோர் நம்புகிறோம். அந்த மலரை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு 3 நாள் போராடியபோது நான் தெரிந்துகொண்டது வேறு. எது எடை, எது உயிர் என்று பிரித்துப் பார்க்காமல் சுருக்குவதால்தான் தரம் போகிறது.

எடை எங்கே இருக்கிறது?

எழுத்துக்கு எடை கிடையாது என்றே சொல்லலாம். இணையத்தில் இன்று பரவலாக உள்ள யூனிகோடு முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் ஆகும். ‘கு’ என்றால் ககரத்துக்கு 3, உகரக் குறிக்கு 3. அந்தக் கணக்கில் 1,330 குறளையும் தட்டச்சு செய்து வைத்தால் மொத்தமே ஏறக்குறைய 200 கேபிதான். இனி ஒரே ஒரு ஏ4 பக்கத்தைப் படமாகப் பிடிப்போம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 2,480-க்கு 3,508. ஏறத்தாழ 87 லட்சம் படப்புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என 3 பைட். சுருக்காத நிலையில் ஒரு பக்கம் 26 எம்பி. வள்ளுவர் சொன்ன அத்தனையையும்விட ஒரு பக்கத்தின் நிழற்படம் நூறு மடங்குக்கும் மேல் கனக்கிறது.

எங்கள் மலரில் நடந்தது இதுதான். வடிவமைப்பாளர் 96 பக்கங்களையும் தனித்தனி ஜேபெக் படமாக ஏற்றுமதி செய்து, அந்தப் படங்களைக் கோத்துப் பிடிஎஃப் ஆக்கியிருந்தார். அக்ரோபேட்டின் கட்டணப் பதிப்பில் ‘ஆடிட் ஸ்பேஸ் யூசேஜ்’ என்று ஒரு வசதி உண்டு. கோப்புக்குள் எழுத்துரு எத்தனை விழுக்காடு, படம் எத்தனை விழுக்காடு என்று பிரித்துக் காட்டும். திறந்து பார்த்தோம். கிட்டத்தட்ட முழுவதும் படம். எழுத்து என்று எதுவுமே இல்லை. கட்டுரை, கவிதை, தலைவர் உரை, பெயர்ப் பட்டியல் எல்லாம் படத்துக்குள் கறையாகத்தான் இருந்தன. அந்த இலவசத் தளம் அதைப் பார்த்து ‘இவை படங்கள்’ என்று முடிவுகட்டிக் குறுக்கியது. அதன் கணக்கில் தப்பில்லை.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று வடிவமைப்பாளரைக் கேட்டேன். அவர் சொன்ன காரணத்தில் நம் தமிழ் அச்சுத் தொழிலின் முப்பது நாற்பது ஆண்டு வரலாறு அடங்கியிருக்கிறது. “எழுத்தா அனுப்புனா வேற கணினியில உடைஞ்சிடும் அண்ணே. படமா அனுப்புனா பத்திரம்.”

அவர் பயம் நியாயமானது. யூனிகோடு வருவதற்கு முன் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென்று ஒரு குறிமுறை வைத்திருந்தது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஒட்டவைத்த காலம் அது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கிலக் குப்பையாகக் கொட்டும். இந்த மண்ணிலேயே 1985-இல் முத்து நெடுமாறன் ‘முரசு’ மென்பொருளை உருவாக்கியதிலிருந்து கணினித் தமிழ் எத்தனையோ தூரம் வந்துவிட்டது. ஆனால் அச்சகங்களில் பழைய எழுத்துருக்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அதனால்தான் ‘கர்வ் பண்ணிடு’ என்பது அச்சகங்களில் அன்றாடம் கேட்கும் கட்டளை. எழுத்துகளை எல்லாம் வளைகோடுகளாக மாற்றிவிடு என்று பொருள். மாற்றினால் அச்சில் உடையாது. ஆனால் அந்தக் கோப்பில் ஒரு பெயரைத் தேட முடியாது, ஒரு வரியை நகலெடுக்க முடியாது; பார்வையற்றவருக்குக் கணினி அதை வாசித்துக் காட்டவும் முடியாது. சில வேளை எடையும் கூடும்.

உண்மையில் பிடிஎஃப் பிறந்ததே இந்த உடைசலைத் தீர்க்கத்தான். எந்த இயந்திரத்தில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரியவேண்டும் என்ற எண்ணத்தை அடோபி நிறுவனர்களுள் ஒருவரான ஜான் வார்னாக் 1991-இல் எழுதிவைத்தார். 1993-இல் பிடிஎஃப் வெளிவந்தது. 2008-இல் உலகத் தரமாக ஏற்கப்பட்டது. எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பொதித்து அனுப்புவதுதான் அதன் உயிர்நாடி. அதிலும் முழு எழுத்துருவைப் பொதிக்கத் தேவையில்லை. பயன்பட்ட எழுத்து வடிவங்களை மட்டும் பொதித்தால் போதும். பெரும்பாலான மென்பொருள்கள் இதைத் தாமாகவே செய்கின்றன. எங்கள் மலரில் யூனிகோடு எழுத்துருக்களைப் போட்டுப் பொதித்தபோது எழுத்தின் மொத்த எடை ஓர் எம்பியைக்கூடத் தொடவில்லை. எவ்வளவு பெரிதாக்கினாலும் புள்ளி புள்ளியாகவே நின்றது.

இரண்டங்குலப் பெட்டிக்குள் ஒரு கடல்

எழுத்து எழுத்தாக வந்துவிட்டது. அடுத்தது நிழற்படங்கள்.

செயற்குழு உறுப்பினர்களின் முகங்கள் இரண்டங்குல அகலப் பெட்டிகளில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் கைபேசியில் எடுத்தது. 4,000-க்கு 3,000, அதாவது 1 கோடியே 20 லட்சம் படப்புள்ளிகள். தரமான அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி போதும் என்பது தொழிலில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட அளவு. இரண்டங்குலத்துக்கு 600-க்கு 450. வெறும் 2 லட்சத்து 70 ஆயிரம். தேவைப்படுவதைப் போல் 44 மடங்கைச் சுமந்துகொண்டு அந்தச் சின்ன முகம் உட்கார்ந்திருக்கிறது. அந்த 43 பங்கையும் எடுத்தால் யார் கண்ணுக்கும் எந்தக் குறையும் தெரியாது. திரையில் மட்டும் படிக்கும் பிரதி என்றால் அங்குலத்துக்கு 150 புள்ளியே தாராளம். வாசகர் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்ப்பார் என்பதற்காக நாங்கள் 200 வைத்தோம்.

இதைச் செய்யத் தனிக் கருவி தேவையில்லை. வேர்டில் படத்தைத் தேர்ந்துகொண்டு ‘கம்ப்ரஸ் பிக்சர்ஸ்’ போனால் எத்தனை புள்ளி என்று கேட்கும். வெட்டி ஒதுக்கிய ஓரங்களை நீக்கவா என்றும் கேட்கும். அதை மறக்காமல் டிக் செய்யுங்கள். வெட்டிவிட்டோம் என்று நாம் நினைக்கும் பகுதி கோப்புக்குள் மறைந்தபடி இருக்கும். எடை ஒருபுறம் இருக்கட்டும். வெட்டிய பகுதியில் மற்றவர் பார்க்கக்கூடாதது ஏதாவது இருந்தால் அதுவும் கூடவே பயணம் போகும். லிப்ரே ஆபிஸின் பிடிஎஃப் ஏற்றுமதிப் பெட்டியில் ஜேபெக் தரம் 90 விழுக்காடு, தெளிவு 300 என்று முன்கூட்டியே இருக்கும். திரைப் பிரதிக்கு அந்த 300-ஐ 150 ஆக்கினாலே பாதி வேலை முடிந்தது. இன்டிசைனில் ‘ஸ்மாலஸ்ட் ஃபைல் சைஸ்’ என்ற ஆயத்த அமைப்பை அவசரத்தில் அழுத்திவிடாதீர்கள். அது படங்களை 100 புள்ளிக்கு இறக்கி, ஜேபெக் தரத்தையும் தாழ்த்திவிடும். நிழற்படம் ஓரளவு தாங்கும். படத்துக்குள் எழுத்திருந்தால் தாங்காது.

ஏன் தாங்காது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் முத்தம்மாளின் புள்ளி தொலைந்தது இங்கேதான். ஜேபெக் முறைக்கு அடித்தளமான கணக்கு 1974 ஜனவரியில் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறது. எழுதியவர்கள் நாசிர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ். நாசிர் அகமது பெங்களூரில் பிறந்து, அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். நாம் இன்று புலனத்தில் அனுப்பும் ஒவ்வொரு பேரப்பிள்ளைப் படத்திலும் இம்மூவரின் உழைப்பு இருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு. 1992-இல் தரமாக்கப்பட்ட ஜேபெக், படத்தை 8-க்கு 8 கட்டங்களாகப் பிரிக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் மெல்ல மாறும் நிறத்தைக் காப்பாற்றி, சட்டென்று மாறும் நுணுக்கத்தைத் துணிந்து கைவிடும். வானம், கன்னம், பட்டுப்புடவை எல்லாம் மெல்ல மாறுபவை; கண் ஏமாந்துவிடும். ஆனால் எழுத்து என்பது வெள்ளைக்குப் பக்கத்தில் சட்டென்று வரும் கறுப்பு. ஜேபெக் கைவிடுவதும் அதைத்தான். தரத்தைத் தாழ்த்திய ஜேபெக்கில் எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்த்தாற்போல் அழுக்குப் படிவது இதனால்தான்.

இத்தோடு படப்புள்ளியையும் குறைத்தால் தமிழுக்குத் தனி ஆபத்து. அங்குலத்துக்கு 72 புள்ளி என்ற அளவில், 10 பாயின்ட் எழுத்தின் மொத்த உயரமே 10 படப்புள்ளி. அதற்குள் மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளிக்குக் கிடைப்பது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றும் பக்கத்து வெள்ளையோடு கலந்து சாம்பலாகிவிட்டால் ‘பல்’ ‘பல’ ஆகிவிடும். ஆங்கிலத்தில் ‘ஐ’ எழுத்தின் தலைப்புள்ளி போனாலும் சொல் புரியும். தமிழில் புள்ளி போனால் ஓர் எழுத்தே வேறு எழுத்தாகிறது. ஆங்கிலக் கோப்புக்குப் போதும் என்று எங்கோ யாரோ வகுத்த அளவைத் தமிழ்க் கோப்புக்கு அப்படியே போடக்கூடாது என்று நான் அடித்துச் சொல்வேன். எழுத்து படமாகத்தான் இருந்தாக வேண்டும் என்றால் 300-க்குக் கீழே இறங்காதீர்கள்.

பழைய மலர்கள்

இதுவரை சொன்னது கணினியில் பிறந்த கோப்புக்கு. தாளில் மட்டும் இருப்பதை என்ன செய்வது? பினாங்குக்கு இது வெறும் தொழில்நுட்பக் கேள்வி இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே நாகூர் குலாம் காதிறு நாவலர் ‘வித்தியா விசாரிணி’ இதழை நடத்திய ஊர் இது. கோயில் குடமுழுக்கு மலர், தமிழ்ப்பள்ளி நூற்றாண்டு மலர், சங்க ஆண்டறிக்கை என்று எத்தனையோ தாள்கள் இந்தத் தீவின் வீடுகளிலும் அலமாரிகளிலும் கிடக்கின்றன. கடற்காற்றும் கரையானும் அவற்றுக்கு அவகாசம் தருவதில்லை. பினாங்கில் பிறந்து ஜெர்மனியில் வாழும் சுபாஷிணி, தோழர்களோடு 2001-இல் தொடங்கிய தமிழ் மரபு அறக்கட்டளை பழைய நூல்களை மின்வடிவாக்கி வருகிறது. இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்காக 2005-இல் பிறந்தது நூலகம் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரத்தின் ஒருங்கிணைப்பில், இலக்கியங்களைத் தட்டச்சு செய்து எழுத்தாகவே வைத்திருக்கிறது. எடை குறைந்த வழி எது என்று கேட்டால் மதுரைத் திட்டத்தின் வழிதான். ஆனால் தாளின் முகமும் படங்களும் கையொப்பமும் வேண்டும் என்றால் ஸ்கேன் செய்தே ஆகவேண்டும்.

ஸ்கேன் செய்யும்போது தெளிவைக் குறைக்கலாமா என்று கேட்பவர்களிடம், நிறத்தை முதலில் பாருங்கள் என்பேன். வெறும் கறுப்பெழுத்துப் பக்கத்தை வண்ணத்தில் பிடித்தால் முன்சொன்ன 26 எம்பி. சாம்பல் நிறத்தில் பிடித்தால் அதில் மூன்றில் ஒன்று. வெறும் கறுப்பு வெள்ளையில் பிடித்தால் 1.1 எம்பிதான். அதையும் தொலைநகல் காலத்து ‘குரூப் 4’ முறையில் சுருக்கினால் பெரும்பாலான பக்கங்கள் 100 கேபிக்குள் அடங்கும். இந்த முறையில் ஒரு புள்ளிகூடத் தொலையாது; சுருக்கியதை விரித்தால் முன்பு இருந்தது அப்படியே வரும்.

தாள் பழுப்பேறி, நடுவில் நிழற்படமும் இருந்தால் கறுப்பு வெள்ளை கைகொடுக்காது. அதற்கு இன்னோர் அழகான வழி உண்டு. பக்கத்தை அடுக்குகளாகப் பிரிப்பது. எழுத்துகளை மட்டும் தனியே எடுத்துக் கறுப்பு வெள்ளையில் முழுத் தெளிவோடு ஓர் அடுக்கு; பின்னால் உள்ள பழுப்புத் தாளைக் குறைந்த தெளிவில் இன்னோர் அடுக்கு. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் பக்கம் முழுமையாகத் தெரியும். 1990-களின் கடைசியில் ஏடி அண்டு டி ஆய்வுக்கூடத்தில் யான் லெகுன், லியோன் போத்தூ முதலியோர் உருவாக்கிய டேஜாவூ என்ற கோப்பு வகை இந்த எண்ணத்தில் பிறந்ததுதான். செயற்கை நுண்ணறிவால் இன்று உலகறிந்தவரான அதே லெகுன். இந்த அடுக்கு முறையைப் பிடிஎஃப்பிலும் செய்ய முடியும்.

ஓர் எச்சரிக்கை. 2013-இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியர் ஒரு கட்டட வரைபடத்தை ஸ்கேன் செய்தார். மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர். ஸ்கேன் ஆகி வந்த கோப்பில் மூன்று அறைக்கும் 14.13 என்றே இருந்தது. எழுத்து மங்கவில்லை; தெளிவாக, தவறாக இருந்தது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் இயந்திரங்களில் இருந்த ஜேபிக்2 என்னும் சுருக்கு முறை, ஒன்றுபோல் தெரியும் வடிவங்களை ஒன்றே என்று எடுத்துக்கொண்டு ஒரே அச்சை எல்லா இடத்திலும் பதித்துவிட்டது. நிறுவனம் பிறகு மென்பொருளைத் திருத்தியது. தமிழில் ‘ர’வுக்கும் துணைக்காலுக்கும் உள்ள வேறுபாடு எத்தனை சிறியது என்று யோசித்துப் பாருங்கள். ஸ்கேன் அமைப்பில் ஜேபிக்2 வந்தால், இழப்பில்லாத வகையா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மங்கிய எழுத்தைக் கண் சந்தேகிக்கும். பளிச்சென்று நிற்கும் பொய்யை எந்தக் கண் சந்தேகிக்கும்?

இலவசத் தளங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்டு மலரை ஏற்றுவதில் பெரிய கேடில்லை. அடையாள அட்டை நகல், வங்கிக் கணக்கு, மருத்துவ அறிக்கை, நிலப்பத்திரம் இவற்றைச் சுருக்குவதற்காக முகம் தெரியாத ஒரு கணினிக்கு அனுப்பாதீர்கள். நம் கணினியிலேயே வேலை செய்யும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. கோஸ்ட்ஸ்கிரிப்டில் ‘ஸ்கிரீன்’ என்றால் 72 புள்ளி, ‘ஈபுக்’ என்றால் 150, ‘பிரின்டர்’ என்றால் 300. தமிழ் எழுத்து படமாக உள்ள கோப்புக்கு ‘ஸ்கிரீன்’ பக்கமே போகவேண்டாம். எழுத்து எழுத்தாக இருந்தால் ‘ஈபுக்’ போதும்.

அஞ்சலில் அனுப்புவோர் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். இணைப்பு வழியில் போகும்போது குறிமாற்றத்தால் மூன்றில் ஒரு பங்கு பருக்கும். 20 எம்பி கோப்பு 27 எம்பி போல நடந்துகொள்ளும். சில அலுவலக அஞ்சல் பெட்டிகள் அதைத் திருப்பிவிடும்.

எங்கள் மலருக்கு வருகிறேன். வடிவமைப்பாளர் மூலக்கோப்பை அழிக்காமல் வைத்திருந்தது எங்கள் நல்ல காலம். எழுத்துகளை யூனிகோடுக்கு மாற்றி, மாறியதை மறுபடி மெய்ப்புப் பார்த்து, எழுத்தை எழுத்தாகவே பொதித்து, படங்களை 200 புள்ளிக்கு இறக்கி ஏற்றுமதி செய்தோம். 13 எம்பி வந்தது. 184 எங்கே, 13 எங்கே! நன்கொடையாளர் பட்டியலைப் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தோம். தேடல் பெட்டியில் ‘முத்தம்மாள்’ என்று தட்டியதும் 71-ஆம் பக்கத்தில் நேராகப் போய் நின்றது. செயலாளர் அதை ஒரு தடவைக்கு மூன்று தடவை செய்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

உங்கள் கோயிலுக்கோ பள்ளிக்கோ சங்கத்துக்கோ ஒரு மலர் அச்சாகிறது என்றால், அச்சகத்துக்குப் பணம் கட்டும் நாளிலேயே மூன்று கோப்புகளைக் கேட்டு வாங்குங்கள்: வடிவமைத்த மூலக்கோப்பு அதன் எழுத்துருக்களோடும் படங்களோடும், அச்சுக்குப் போன முழுத்தரப் பிடிஎஃப், படிப்பதற்கான சிறிய பிடிஎஃப். சிறியதை ஊருக்கெல்லாம் அனுப்புங்கள். பெரியவை இரண்டையும் ஒன்றுக்கு இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். அனுப்புவதற்கு முன், சிறிய கோப்பைத் திறந்து பெயர்ப் பட்டியல் பக்கத்துக்குப் போய், ஒரு மெய்யெழுத்தைப் பெரிதாக்கி அதன் தலையில் புள்ளி இருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள்.